தும்பாவின் மாலை வானம்

கச்சான் வீசும் காலத்தையும் வாடை தொடங்கும் காலத்தையும் கல்முனைக் கரையின் மீனவர் நாட்காட்டியின் துணையின்றியே அறிவர். ஆயின், தலைக்கு மேலே 100 கிலோமீற்றர் உயரத்தில் எக்காற்று எத்திசையில் வீசுகின்றது என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனித குலம் பெரிதும் அறியாதிருந்தது.

அதனை அறிவதால் யாது பயன் என நேயர்கள் வினவலாம். அவ்வுயரத்தை உள்ளடக்கிய அயன் மண்டலமே சிற்றலை வானொலியைப் பூமிக்குத் திருப்பியனுப்பிக் கடல்கடந்த நாடுகளிலும் ஒலிக்கச் செய்கின்றது.

1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஏவிய முதற் செய்மதியான ஸ்புட்னிக், வளியின் உராய்வினாற் படிப்படியாகத் தாழ்ந்து, 1958 ஜனவரியில் எரிந்தொழிந்தது. அது தாழ்ந்த வேகத்தைக் கொண்டு விஞ்ஞானிகள் மேல்வளியின் அடர்த்தியைக் கணித்தனர். எனினும், 200 கிலோமீற்றருக்குக் கீழே செய்மதி நெடுநாள் நிலையாது. 40 கிலோமீற்றருக்கு மேலே பலூன் செல்வதும் அரிது. இடைப்பட்ட வெளியை ஆராய ரொக்கெட்டே வழியாயிற்று.

அதற்கேற்ற இடமாக விக்ரம் சாராபாய் தெரிந்தெடுத்தது, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமம். புவிகாந்த மத்தியகோடு அதனருகே செல்கின்றது. அக்கோட்டிற்கு மேலே, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் வலிய மின்னோட்டமொன்று பாய்கின்றது.

ஆனால், அந்நிலத்தில் மரிய மதலேனாள் தேவாலயமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீற்றர் பெர்னார்ட் பெரைரா தம் சபையாரிடம் கருத்துக் கேட்க, அவர்கள் இசைந்ததாக அப்துல் கலாம் பிற்காலத்தில் எழுதியுள்ளார். குடும்பங்கள் பெயர்ந்தன, அவர்களுக்கு வேறிடத்திற் புதிய தேவாலயம் எழுந்தது. பழையது விஞ்ஞானிகளின் பணிமனையாயிற்று.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அங்கிருந்து முதல் ரொக்கெட் எழுந்தது. ரொக்கெட் அமெரிக்காவினது, அது சுமந்த சோடியம் பிரான்சினது. அதனைப் பொருத்தும் பணியிற் பங்குகொண்டவருள் ஒருவர் இராமேஸ்வரத்துக் கலாம். தூக்கி பழுதுபட்டதால், அதனை ஏவுதளத்திற் கையாலேயே ஏற்ற நேர்ந்தது.

தரையில் இருள் கவிந்தும், மேலே சூரிய ஒளி எஞ்சியிருந்தது. அவ்வொளியிற் சோடியம் ஆவி செம்மஞ்சள் முகிலாய் மிளிர்ந்தது. அத்தகைய முகிலைப் பல இடங்களிலிருந்து படம்பிடித்து, அது நகரும் வழியைக் கணித்தால், கண்காணா மேல்வளியின் வேகமும் திசையும் புலப்படும்.

அத்தேவாலயம் பின்னர் விண்வெளி அருங்காட்சியகமாயிற்று. சாராபாயின் பெயரும் கலாமின் பெயரும் உலகறிந்தவை. வழிபட்ட தலத்தையும் வாழ்ந்த மனையையும் விட்டுச்சென்ற மீனவரின் பெயர்களோ அவ்வாறு பரவவில்லை. வளிமண்டல ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர், அறிஞர் ஈந்த அறிவோடு அம்மக்கள் ஈந்த மண்ணையும் கணக்கிற் சேர்த்தல் கடமையாகும்.