லியோனார்டோ டாவின்சியின் வேலை விண்ணப்பம்



லியோனார்டோ டாவின்சி என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது மோனலிசா ஓவியந்தான். அவரும் வேலை தேடி விண்ணப்பம் எழுதியவர் என்பதையும், அவ்விண்ணப்பத்தில் ஓவியத் திறமையை ஏறக்குறைய ஒரே வரியில் முடித்துக்கொண்டார் என்பதையும் அறிந்தோர் குறைவு. தொழில்நுட்பத் துறையில் வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களோடு அமர்ந்து பேசத்தக்க வரலாறு இது.

உலகின் முதல் தன்விவரக் குறிப்பு என்று இதனைப் பலர் எழுதுகின்றனர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆள்வோரிடம் தம் திறமையைச் சொல்லி வேலை கேட்டவர்கள் அவருக்கு முன்னரும் இருந்திருப்பார்கள். எனினும் ஒரு தொழில்நுட்ப வேலைக்கான விண்ணப்பம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று என் கண்ணில் படவில்லை.

லியோனார்டோ 1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிறந்தவர். தந்தை பத்திரங்கள் எழுதிப் பதியும் அலுவலர். ஆயினும் முறையான திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளை என்பதால், தந்தையின் தொழிலுக்குள் நுழையும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்ததில்லை. பிளாரன்சு நகரில் வெரோக்கியோ என்னும் சிற்பியின் பட்டறையில் தொழில் பழகினார். அப்பட்டறை வெறும் ஓவியக்கூடம் அன்று. 1471இல் பிளாரன்சுப் பேராலயத்தின் குவிமாட உச்சியில் பெரிய செப்புக் கோளம் ஒன்றை ஏற்றி நிறுத்தியது அவர்கள்தாம். அதன் தகடுகளைப் பற்றவைத்த முறையை லியோனார்டோ பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவுகூர்ந்து தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். இன்றைய வழக்கில் சொன்னால், சான்றிதழ் இல்லை; பட்டறை அனுபவம் உண்டு.

ஏறத்தாழ 1482இல், முப்பது வயதில், அவர் மிலான் நகருக்குப் பெயர்ந்தார். மிலானை அப்போது உண்மையில் ஆண்டவர் லுடோவிகோ ஸ்போர்சா. பட்டத்துக்குரிய அண்ணன் மகன் சிறுவனாக இருந்ததால், 1480 முதல் ஆட்சி இவர் கைக்கு வந்திருந்தது. 1482இல் வெனிசு நகரம் பெராராவின் மீது போர் தொடுத்தது. மிலான் பெராராவின் பக்கம் நின்றது. இத்தகைய ஆட்சியாளருக்கு அவ்வேளையில் என்ன தேவை? அழகிய ஓவியமா, பீரங்கியா? இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்ட பிறகே லியோனார்டோ கடிதத்தைத் தொடங்கினார் என்று நான் கருதுகிறேன்.

கடிதம் எண்ணிட்ட பத்துக் கூறுகளாக அமைந்துள்ளது. இலகுவாகத் தூக்கிச் செல்லத்தக்க, தீயால் எளிதில் அழியாத பாலங்கள், முற்றுகையின்போது அகழியின் நீரை வடிக்கும் முறை, பாறைமேல் கட்டிய கோட்டையையும் தகர்க்கும் வழி, ஓசையின்றித் தோண்டப்படும் சுரங்கப் பாதை, பகைவர் நடுவே புகுந்து செல்லும் மூடிய வண்டி, பீரங்கி பயன்படாத இடத்தில் கல்லெறியும் பொறி, கடற்போருக்கேற்ற கப்பல். இப்படி ஒன்பது கூறுகள் போர்த்தொழில் பற்றியவை. பத்தாவதில்தான் அமைதிக் காலத்தில் கட்டடம் எழுப்பவும், நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவும் தம்மால் இயலும் என்கிறார். அதன்பின் சிற்பம், ஓவியம்.

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். தம் பிறப்பு, தந்தை பெயர், ஆசிரியர் பெயர், பிளாரன்சில் பெற்ற பாராட்டுகள் எவையும் இல்லை. தாம் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவர் என்ற சொற்களும் இல்லை. ஒவ்வொரு கூறும் முதலாளிக்கு நேரக்கூடிய ஓர் இக்கட்டையும் அதற்குத் தம்மிடம் உள்ள தீர்வையும் சொல்கிறது. பிறகு அடுத்த கூறுக்குச் சென்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருமாறு கொண்டு வந்தார். குளிர்சாதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர். பல நிறுவனங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை என்றார். முதல் பக்கம் முழுவதும் பெற்றோர் பெயர், சமயம், ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவு, பொழுதுபோக்கு ஆகியவையே நிறைந்திருந்தன. தொழிற்பயிற்சியில் என்ன செய்தாய் என்று கேட்டேன். மடமடவென்று சொல்லத் தொடங்கினார்: எரிவாயுக் கசிவைக் கண்டுபிடித்தது, கம்ப்ரசர் மாற்றியது, மின்சுற்றைச் சோதித்தது, ஓர் அலுவலகக் கட்டடத்தின் குளிர்சாதனக் கருவிகள் அனைத்தையும் கழுவிப் பராமரித்தது. அவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. "அதெல்லாம் வேலைதானே ஐயா, அதைப் போய் எழுதுவார்களா?" என்றார். நம் பிள்ளைகள் பலரிடம் இந்தத் தயக்கம் இருக்கிறது. கையால் செய்ததைச் சொல்லுவது தற்பெருமை என்று நாமே பழக்கிவிடுகிறோமோ என்னவோ. அன்று மாலையே அந்தப் பட்டியலை முதல் பக்கத்திற்கு ஏற்றி, ஆறாம் ஆண்டுத் தேர்வை இறக்கினோம்.

லியோனார்டோவிடம் அப்படியே பின்பற்றக் கூடாத ஒன்றும் உண்டு. அவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை என்னால் இயலும் என்ற வகையைச் சேர்ந்தவை. செய்து முடித்தேன் என்ற வகை அன்று. மிலானுக்கு வருமுன் அவர் பீரங்கி வார்த்ததாகவோ கோட்டை தகர்த்ததாகவோ சான்று கிடையாது. மன்னருக்கு எழுதும் கடிதத்தில் அது பொறுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம். இன்றைய தொழிற்கூடத்தில், வெல்டிங் தெரியும் என்று எழுதியவரின் கையில் முதல் நாளே கருவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே செய்தது வேறு, கற்றது வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அவருக்குச் சார்பாகச் சொல்ல வேண்டும். கடிதத்தின் முடிவில், இவற்றுள் எதுவேனும் இயலாதது எனத் தோன்றினால், தங்கள் பூங்காவிலோ தாங்கள் விரும்பும் வேறெந்த இடத்திலோ செய்து காட்டுகிறேன் என்று அவர் முன்வருகிறார். செய்முறைத் தேர்வுக்கு அஞ்சாத விண்ணப்பதாரர்!

நமக்குக் கிடைத்திருப்பது அனுப்பப்பட்ட கடிதம் அன்று, நாளிடப்படாத வரைவு. மிலானின் அம்புரோசியானா நூலகத்தில் உள்ள அட்லாண்டிகோ ஏட்டுத் தொகுப்பில் அது இருக்கிறது. கையெழுத்து லியோனார்டோவினுடையது அன்று என்பது ஆய்வாளர் கருத்து. வலமிருந்து இடமாக எழுதும் இடக்கைப் பழக்கமுடைய அவர், மன்னர் பார்வைக்குச் செல்வதை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார் போலும்.

பலன் உடனே கிடைத்ததா? இல்லை. மிலானில் அவர் பெயரோடு நாம் காணும் முதல் ஒப்பந்தம் 1483 ஏப்ரலில் எழுதப்பட்டது. அதுவோ ஒரு தேவாலயத்திற்கான ஓவியம். மன்னர் தந்த வேலையன்று. அரசுப் பொறியாளர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. பிறகு 1499 வரை அந்நகரிலேயே இருந்தார்.

கடிதத்தின் கடைசிப் பகுதியில் இன்னொரு நுட்பம் உண்டு. லுடோவிகோவின் தந்தை பிரான்செஸ்கோ, போர்வீரராக இருந்து 1450இல் மிலானின் கோமகனானவர். அவருக்குக் குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலை எழுப்ப அக்குடும்பம் நெடுங்காலமாக விரும்பியது. இதனை அறிந்தே, அந்த வெண்கலக் குதிரையைத் தம்மால் வார்க்க முடியும் என்று லியோனார்டோ எழுதினார். அந்தப் பணியும் பின்னர் அவருக்கே வந்தது. ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் களிமண் வடிவத்தை 1493இல் செய்து முடித்தார். வார்ப்பதற்கெனச் சேர்த்து வைத்திருந்த வெண்கலத்தை 1494இல் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார் லுடோவிகோ. 1499இல் மிலானுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படையின் வில்வீரர்கள், களிமண்ணாகவே நின்றிருந்த அக்குதிரையைக் குறிபார்த்து அம்பெய்து பழகினார்களாம்.