குவாண்டம் சாவி: கணக்கு சரி, கருவி சரியா?

1984 டிசம்பரில் பெங்களூரில் ஒரு கணினி மாநாடு நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சார்லஸ் பென்னட்டும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராசார்டும் அங்கே ஒரு புதிய வழியை முன்வைத்தார்கள். ரகசியச் செய்தியைப் பூட்டும் சாவியை ஒற்றை ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்பலாம். நடுவில் யாராவது ஒட்டுக் கேட்டால் ஃபோட்டானின் நிலை மாறி, திருட்டு தெரிந்துவிடும்.

முதல் சோதனை 1989ல் நடந்தது. ஃபோட்டான்கள் கடந்த தூரம் சுமார் 30 செ.மீ.தான்! அதிலும் ஒரு ஓட்டை. ஃபோட்டானின் நிலையைத் திருப்பும் மின்கருவி ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டது. காது கேட்காத திருடனிடம் மட்டுமே இது பாதுகாப்பானது என்று பிராசார்டே பின்னாளில் கிண்டல் செய்தார்.

தூரம் கூடியபோது சிக்கலும் கூடியது. ஃபைபரில் 100 கி.மீ. போவதற்குள் நூறில் ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். ஒவ்வொன்றாக ஃபோட்டான் தரும் விளக்கு கைவசம் இல்லாததால், மங்கலாக்கிய லேசரையே பயன்படுத்தினார்கள். அதன் சில துடிப்புகளில் இரண்டு, மூன்று ஃபோட்டான்கள் இருக்கும். திருடன் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டால், வழியில் ஆன இழப்போடு இழப்பாக அது மறைந்துவிடும்.

இதற்கு 2003ல் வொன்-யங் ஹ்வாங் ஒரு தந்திரம் சொன்னார். வேறு வேறு பிரகாசத்தில் பொய்த் துடிப்புகளையும் கலந்து அனுப்ப வேண்டும். எது பொய் என்று தெரியாமல் திருடன் கை வைத்தால் கணக்கு உதைக்கும். 2005ல் ஹோய்-குவாங் லோ போன்றோர் இதை நடைமுறைக்கு ஏற்றபடி செப்பனிட்டார்கள்.

திருடனின் அடுத்த குறி, ஃபோட்டானைப் பிடிக்கும் டிடெக்டர். 2010ல் நார்வேயைச் சேர்ந்த வாடிம் மகரோவ் குழுவினர், விற்பனையில் இருந்த கருவிகளின் டிடெக்டர்களைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, சாவி முழுவதையும் தடயமின்றி எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 2012ல் லோ குழுவினர் பதில் தந்தார்கள். இரு தரப்பும் நடுவிலுள்ள டிடெக்டருக்கு ஃபோட்டான் அனுப்ப வேண்டும். இருவருடையதும் ஒன்றா, வேறா என்று மட்டுமே அது சொல்லும். அது திருடன் கையில் இருந்தாலும் சாவி கிடைக்காது.

2017ல் திறந்த பெய்ஜிங்-ஷாங்காய் பாதை சுமார் 2,000 கி.மீ. நீளம். ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் நம்பியாக வேண்டும். நடு டிடெக்டர் முறையை வளர்த்து, 2018ல் தோஷிபாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் புது உத்தி ஒன்றைத் தந்தது. அதன் மூலம் 2023ல் சீன விஞ்ஞானிகள் இடைநிலையங்களை நம்பாமலே 1,002 கி.மீ. ஃபைபரில் சாவி பகிர்ந்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் இயற்கை விதி ஒருமுறைகூடத் தோற்கவில்லை. தோற்றதெல்லாம் மனிதன் செய்த கருவிதான். அதை உடைத்துக் காட்டியவர்களால்தான் பாதுகாப்பு வளர்ந்தது. அனுப்புபவரின் லேசரை மட்டும் இன்னும் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.