பைக்காவும் பனிப்போர்வையும்

பைக்கா என்பது உயர்ந்த மலைகளிலும் குளிர்ந்த மேட்டுநிலங்களிலும் வாழும் ஒரு சிறு பாலூட்டி ஆகும். பார்வைக்கு எலியை ஒத்திருந்தாலும் இது கொறிணி அன்று. முயல்கள் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. உருண்டைக் காதுகளும் அடர்ந்த மென்மயிரும் உடையது. வால் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலான இனங்களின் எடை 100 முதல் 200 கிராம் வரை இருக்கும். உலகில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. அவற்றுள் பல இமயமலையிலும் திபெத்திய மேட்டுநிலத்திலும் காணப்படுகின்றன.

பைக்கா குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆண்டு முழுவதும் விழித்திருந்து உணவு உண்கிறது. ஆகவே பனி எவ்வளவு பெய்கிறது, எப்போது உருகுகிறது என்பவற்றைப் பொறுத்தே இதன் பிழைப்பு அமைகிறது.

பனி என்னும் சொல்

தமிழில் 'பனி' என்பது பலவற்றைக் குறிக்கும் பொதுச்சொல். வாணியம்பாடிப் பகுதியில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின்மேல் படியும் நீர்த்துளியே நினைவுக்கு வரும். நீலகிரியில் அது உறைபனி. இக்கட்டுரையில் பேசப்படுவது வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து தரையில் தங்கும் வெண்பனியாகும்.

போர்வையாகும் பனி

பனி குளிரைத் தரும் பொருள் என்றே நாம் எண்ணுகிறோம். மலைவாழ் சிற்றுயிர்களுக்கு அது கம்பளியாகும். புதிதாக விழுந்த வெண்பனியின் பெரும்பகுதி காற்றே. அக்காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை குளிர் இறங்கினாலும், போதிய ஆழமுள்ள பனிக்கு அடியில் தரையை ஒட்டிய வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். பைக்காக்கள் பாறை இடுக்குகளில் இப்போர்வையின் கீழ் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

பனி குறைந்தாலோ காலந்தாழ்ந்து பெய்தாலோ பாறைகள் கடுங்குளிருக்குத் திறந்து விடப்படுகின்றன. எனவே புவி சூடாதலால் இவ்விலங்கு குளிரில் விறைத்து இறக்கவும் கூடும். முரணாகத் தோன்றினும் இதுவே இப்பொருளின் மையச் செய்தி. பனியின்மேல் மழை பெய்து உறைந்தால் வேறொரு சிக்கல் எழுகிறது: பனிக்கட்டி ஓடு ஒன்று உருவாகி, அடியிலுள்ள புல்லையும் பாசியையும் எட்டவிடாமல் தடுக்கும். நார்வேயில் லெம்மிங் என்னும் கொறிணிகளின் தொகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் வழக்கம் 1990களின் நடுவில் குலைந்ததற்கு, இவ்வாறு பனி இறுகியதே காரணம் என 2008இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது.

கோடையில் வெப்பமே பகை. பைக்காவின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியசு. அது மூன்று பாகை உயர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. குளிரைத் தாங்கும் அதே அடர்மயிர் வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. நண்பகலில் பாறைக்குள் ஒதுங்கி, காலையிலும் மாலையிலும் மேய்வதே இதற்குத் தெரிந்த ஒரே வழி. ஒதுங்கும் நேரம் நீண்டால் மேயும் நேரம் குறையும்.

இமயமலையில்

இந்திய இமயமலையில் பரவலாகக் காணப்படுவது ராயில் பைக்கா. சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த சான் போர்ப்சு ராயில் என்பவரின் பெயரால் 1839இல் பெயரிடப்பட்டது. உத்தராகண்டத்தில் கேதார்நாத் காட்டுயிர்ப் புகலிடம், துங்கநாத் ஆகிய இடங்களில் பாறைக் குவியல்களிடையே இதனைக் காணலாம். வட அமெரிக்கப் பைக்கா கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்திற்குச் சேமித்து வைக்கும். ராயில் பைக்காவோ பெரும்பாலும் அவ்வாறு சேமிப்பதில்லை. குளிர்காலத்திலும் நாள்தோறும் உணவு தேட வேண்டியுள்ளது. ஆதலால் பனிப்போர்வையின் தன்மை இதற்கு இன்னும் முக்கியமானது.

இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொணர்பவை மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கங்கள். காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையத்தின் அறிக்கைப்படி, 2024-25 குளிர்காலத்தில் இந்துகுசு இமயமலைப் பகுதியில் பனி தரையில் தங்கிய அளவு இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவாக இருந்தது. இது அதுவரையிலான 23 ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவாக இருந்தது.

லடாக்கின் நிலை வேறு. அது மழைமறைவுப் பகுதி, பனியும் குறைவு. அங்குள்ள சாங்தாங் மேட்டுநிலத்தில் வாழும் லடாக் பைக்கா மண்ணில் வளை தோண்டிக் குளிரைத் தவிர்க்கிறது. (வாணியம்பாடிக்கு அருகே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே சாங்தாங்கின் ஆன்லேயிலும் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வகத்தை நடத்துகிறது.) திபெத்திய மேட்டுநிலப் பைக்கா குளிர்காலத்தில் தன் வளர்சிதைமாற்றத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்துக் கொள்வதும், கவரிமாட்டின் சாணத்தை உண்பதும் 2021இல் அறியப்பட்டன.

மேலே இடமின்மை

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. எனவே வெப்பம் கூடும்போது விலங்குகள் மேலேறுகின்றன. மலையுச்சியை அடைந்தபின் ஏற இடமில்லை. அடுத்த மலைக்குச் செல்ல வெப்பமான பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். பைக்காவால் அது இயலாது. அமெரிக்காவின் பெரும் வடிநிலப் பகுதியில் முன்பு பைக்கா பதிவான 25 இடங்களுள் 10 இடங்களில் 2008 வாக்கில் அது காணப்படவில்லை. கோடை வெப்பத்தோடு, பனிப்போர்வையற்ற கடுங்குளிர் நாட்களும் இதற்குக் காரணமாகக் கருதப்பட்டன. ஆயினும் 2010இல் அமெரிக்க அரசு அதனை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்க்க மறுத்தது.

காப்பு நிலை

ராயில் பைக்கா பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் தீவாய்ப்பு குறைந்த இனமாக உள்ளது. சீனாவின் தியான்சான் மலையில் 1983இல் கண்டறியப்பட்ட இலி பைக்கா அழியும் ஆபத்தில் உள்ளது. சிக்கிம் பைக்கா நெடுங்காலம் வேறோர் இனத்தின் உட்பிரிவாகக் கருதப்பட்டு வந்தது. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2016இல்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது. கிழக்கு இமயமலையின் குறுகிய பரப்பில் மட்டும் வாழும் இதன் எண்ணிக்கை, அதுவரை தனியாகக் கணக்கில் கொள்ளப்படவே இல்லை.