வலியின் வாயில்கள்

மாத்தளையிலே பல்வலிக்கு முதல் மருந்து கராம்புதான். வைத்தியசாலையின் நினைவு அதன் பின்னரே வரும். தோட்டத்து லயமாயினும் பட்டினத்து வீடாயினும், கடைவாய்ப் பல்லில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு இரவைக் கழித்தோர் எத்தனையோ பேர். அது அங்கே என்னதான் செய்கிறது என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டபோது, தமிழ் கற்பிக்கும் நாம் விடை சொல்ல இயலாது நின்றோம். அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

காயம்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்குச் செல்லும் மின்செய்திதான் வலியாக உணரப்படுகின்றது. அலன் ஹொட்ஜ்கின், அண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் இருவர், கணவாயின் பருத்த நரம்பை ஆராய்ந்து, இச்செய்தி செல்லும் முறையை 1952இல் விளக்கினர். முதலிற் சோடியம் அயன்கள் நரம்புக்கலத்தின் மென்சவ்வூடாக உட்புகுகின்றன; பின்னர் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுகின்றன. இவை சென்றுவரும் புரத வாயில்களையே அயன் கால்வாய்கள் என்கிறோம். சோடியக் கால்வாய் அடைபட்டால் செய்தி நின்றுவிடும். கராம்பெண்ணெயின் பெரும்பகுதியாகிய இயூஜெனோல் செய்யும் காரியங்களுள் ஒன்று அதுவே.

வாயில் இருப்பதை அறியுமுன்னரே அதை அடைக்கும் வித்தையை மனிதன் கற்றுவிட்டான். அந்தீஸ் மலைமக்கள் கொக்கா இலையை மென்று பசியையும் களைப்பையும் மறந்தனர். அதன் சத்தாகிய கொக்கேய்னைக் கண்ணில் விட்டு, வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று 1884இல் வியன்னாவிலே கார்ள் கொல்லர் காட்டினார். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடொக்கேய்னை ஆக்கினார். இது நரம்புக்கலத்தினுள் நுழைந்து, உட்புறமிருந்தே கால்வாயை அடைக்கின்றது. அபினிலிருந்து பெறும் மோர்பீனின் வழி வேறு. அது ஒரு வாங்கியைப் பற்றி, பொற்றாசியக் கால்வாய்களைத் திறப்பித்துக் கல்சியக் கால்வாய்களைத் தடுக்கின்றது. நரம்புக்கு நரம்பு செய்தி கைமாறாது போகின்றது. அந்த ஆறுதலுக்கு அடிமையானோரின் கதையை உலகறியும்.

கொச்சிக்காயின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் மூலம் வந்த இக்காய், நம் மிளகின் பெயரையே பறித்துக்கொண்டு மிளகாய் ஆயிற்று. அதன் காரம் எந்தக் கால்வாயைத் திறக்கின்றது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் அதே கால்வாய்தான் திறக்கின்றது. ஆகவே 'நாக்கு எரிகிறது' என்று நாம் சொல்வது வெறும் உவமையாகாது. நரம்புக்கு அது தீயேதான். ஆயினும் காரம் மிகுந்து நீடித்தால் அந்நரம்பு நுனிகளே செயலிழக்கின்றன. நூற்றுக்கு எட்டு வீதம் கப்சைசின் கொண்ட ஒட்டுமருந்து, அக்கி நோயின் பின் எஞ்சும் நரம்புவலிக்கென 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது.

வலியே இல்லாதிருந்தால் நன்றன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கையிற் கத்தி செருகியும் தணல்மேல் நடந்தும் வீதியில் வித்தை காட்டி வந்தான். வலியை அவன் அறிந்ததேயில்லை. பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து மாண்டான். அப்பகுதியில் அவனைப்போன்றோர் பிறந்த மூன்று குடும்பங்களை ஆராய்ந்தோர், சோடியக் கால்வாயொன்றின் மரபணுப் பழுதே காரணம் என்று 2006இல் வெளியிட்டனர். அதிலிருந்து மருந்துக் கம்பனிகள் அக்கால்வாயையும் அதன் இனத்தவற்றையும் துரத்தின.

2025 ஜனவரியில், அவ்வினத்து இன்னொரு கால்வாயை அடைக்கும் சுசெட்ரிஜின் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மூளையைத் தொடாது, புறநரம்புகளிலேயே வேலை செய்வது; மோர்பீனைப்போல் அடிமையாக்கும் என்ற அச்சம் இல்லை. அப்போது மாத்திரை ஒன்றின் விலை 15.50 டொலராக இருந்தது, அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 4,600 ரூபா. நாளுக்கு இரண்டு வேளை உண்ணவேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 செப்டெம்பரில், நம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவித்தார்கள். அன்று ஒரு மாத்திரைக்கு மூன்று நாட்களுக்கு மேல் கொழுந்து பறிக்கவேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் மன்னாரிற் கரையேறி, காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த எம் முன்னோர் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரின் பேத்திமார் இன்றும் கூடைக் கயிறு தலையில் அழுந்த மலையேறுகின்றனர். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் அவர்களுக்கு எட்டுவது தைலப் போத்தலும், பல்லுக்கென்றால் அந்தக் கராம்பும்தான்.