கங்கை மீனின் கண்

ஆவடியை அடுத்த சேக்காட்டிலோ அம்பத்தூரிலோ வாழும் மாணவர்களில் பலர் கொளத்தூர் வண்ணமீன் கடைகளைப் பார்த்திருப்பர். அங்குள்ள கண்ணாடித் தொட்டிகளில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடலில் நீலக் கோடுகள் ஓடும் மீன்கள் கூட்டமாகத் திரிவதைக் காணலாம். கடைகளில் இதனை 'ஜீப்ரா' என்பர். நாம் வரிக்குதிரை மீன் என அழைப்போம். விலை மலிவு, வளர்ப்பதும் எளிது. கண்ணில் ஒளியை உணரும் செல்கள் எவ்வாறு உருவாகின்றன என்னும் வினாவுக்கு விடை காண, உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இச்சிறு மீனையே நாடியுள்ளன. இம்மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஒரு காலத்தில் நம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றவர் என்பது சுவையான செய்தி.

ஏரியைக் கண்ட மருத்துவர்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், மைசூர்ப் பகுதியின் வேளாண்மையையும் தொழில்களையும் ஆராய்ந்து வருமாறு ஃபிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரைத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட புக்கானன், பயணத்தின் தொடக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டார். இரு மேட்டு நிலங்களுக்கு இடையே கரை எழுப்பி நீரைத் தேக்கியிருந்த முறையைத் தம் குறிப்புகளில் விளக்கி எழுதினார். அப்பயண நூல் 1807இல் வெளிவந்தது. கண்ணில் படுவதை எல்லாம் குறித்து வைப்பது அவர் வழக்கம்.

பின்னர் வங்காளத்தில் பணியாற்றியபோது, கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்களை ஆராய்ந்தார். தாய்வழிக் குடும்பப் பெயரான ஹாமில்டன் என்பதை ஏற்றுக்கொண்ட அவர், 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பெரிய உணவு மீன்களோடு இச்சிறு மீனுக்கும் அதில் 'ரெரியோ' என்னும் பெயருடன் இடம் கிடைத்தது. இன்று இதன் அறிவியல் பெயர் டேனியோ ரெரியோ.

தொட்டியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

அதன்பின் நெடுங்காலம் இம்மீன் அழகுக்காகவே பெரிதும் வளர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் வைரசுகளை ஆராய்ந்து வந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், முதுகெலும்புள்ள உயிரியின் மரபியலை ஆராய ஏற்றதொரு விலங்கைத் தேடினார். அவருக்கு மீன் வளர்ப்பில் ஆர்வம் உண்டு. வரிக்குதிரை மீனின் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கருவும் கண்ணாடிபோல் தெளிவானது. கண் உருவாவதை உருப்பெருக்கியின் கீழ் நேரடியாகவே பார்த்துவிடலாம். ஐந்தாம் நாளில் குஞ்சு கண்ணால் பார்த்து இரையைத் துரத்தத் தொடங்குகிறது! ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் ஆயிற்று. 1984இல் அவர் காலமானார்.

அடுத்த தேவை, பார்வைக் குறையுள்ள மீனைக் கண்டுபிடிக்கும் வழி. மீனிடம் "தெரிகிறதா?" என்று கேட்க இயலுமா? இதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் டௌலிங் குழுவினர் எளிய உத்தி ஒன்றைக் கையாண்டனர். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இட்ட உருளையின் நடுவே மீன்குஞ்சை வைத்து, உருளையைச் சுழற்றுவார்கள். பார்வையுள்ள குஞ்சின் கண்கள் கோடுகளைப் பின்தொடரும்; பார்வையற்றதன் கண்கள் அசையா. இம்முறையில் பார்வைக் குறையுள்ள மரபு வகைகளைப் பிரித்தெடுத்ததை 1995இல் அறிவித்தனர். மறு ஆண்டே ஜெர்மனியின் ட்யூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த பேராய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. வளர்ச்சியில் பிழை உண்டாக்கும் திடீர் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாயின.

செல்லின் தலைவிதி

விழித்திரையில் ஒளி உணரும் செல்கள் இருவகை. மங்கிய ஒளியில் பணிபுரிபவை கோல் செல்கள். பகலொளியில் நிறம் அறிபவை கூம்புச் செல்கள். இவ்வேலைப் பிரிவினையை 1866இல் எடுத்துக்காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஷுல்ட்சே. நமக்குக் கூம்புகள் மூன்று வகை. வரிக்குதிரை மீனுக்கோ சிவப்பு, பச்சை, நீலம், புறஊதா என நான்கு வகை. வளர்ந்த மீனின் விழித்திரையில் இவை புள்ளிக்கோலம் இட்டாற்போல் ஒழுங்காக வரிசையிட்டு நிற்கின்றன.

இச்செல்கள் எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. அப்படியிருக்க, ஒன்று நீலக் கூம்பாகவும் அடுத்தது கோலாகவும் ஆவது எப்படி? வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒன்றுதான். எந்தச் சுவிட்சைப் போடுகிறோமோ அந்த விளக்கு எரிகிறது. செல்லிலும் சில மரபணுக்கள் பிற மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் வல்லவை.

2009இல் ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் ஃபடூல் குழுவினர் விந்தையான மீன் வகை ஒன்றை விளக்கினர். அதன் கண்ணில் புறஊதாக் கூம்புகள் மிகக் குறைவு. கோல் செல்களோ மிகுதி. 'டிபிஎக்ஸ்2பி' என்னும் மரபணு பழுதுற்றதே காரணம். புறஊதாக் கூம்பாக வேண்டியவை கோலாகிவிட்டன என்பது இதனால் புலனாயிற்று. செல் அழியவில்லை, அதன் தலைவிதிதான் மாறிற்று.

ஒவ்வொன்றாக மற்றச் சுவிட்சுகளும் அகப்பட்டன. தைராய்டு ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணு குன்றினால் சிவப்புக் கூம்புகள் உருவாவதில்லை என்று 2013இல் அறியப்பட்டது. மீன்குஞ்சில் பச்சை ஒளிக்குரிய நிறமி உண்டாக 'சிக்ஸ்7' வேண்டும் என்று 2015இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டனர். நீலக் கூம்புக்குரிய 'ஃபாக்ஸ்கியூ2' 2021இல் வெளிப்பட்டது.

நம் கண்ணுக்கும் உறவு

2013இல் வெளியான இம்மீனின் முழு மரபணுத்தொகுதி, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டு என்று காட்டியது. நம் நாட்டுக் காட்டு வகை மீனின் மரபணுத்தொகுதியை டில்லி மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் 2009இலேயே படித்திருந்தது. நாம் நீல ஒளியை உணரப் பயன்படுத்தும் நிறமி மரபணுவும், மீனின் புறஊதா நிறமி மரபணுவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. மீனின் நீல, பச்சை நிறமிகளுக்குரிய மரபணுக்களை நம் முன்னோர் இழந்துவிட்டனர். நம்முடைய பச்சை நிறமி, சிவப்பு நிறமி மரபணு இரட்டித்ததால் பின்னர் வந்தது.

இன்னொரு வேறுபாடு நமக்குக் கவலை தருவது. மனித விழித்திரையில் ஒளி உணர் செல் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பரம்பரை விழித்திரை நோய்களில் பார்வை மெல்ல மங்குவது இதனால்தான். மீனிலோ விழித்திரையின் முல்லர் செல்கள் பிரிந்து, அழிந்தவற்றை மீண்டும் உண்டாக்கிவிடுகின்றன. இதற்கு 'ஏஎஸ்சிஎல்1ஏ' என்னும் மரபணு விழித்தெழ வேண்டும் என்று 2010இல் அமெரிக்காவின் மிச்சிகனில் காட்டியவர்கள் ராஜேஷ் ராமச்சந்திரனும் டேனியல் கோல்ட்மனும். ராமச்சந்திரன் பின்னர் இந்தியா திரும்பி, மொகாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

எலியின் முல்லர் செல்களில் இதற்கு இணையான மரபணுவைத் தூண்டிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. புதிய நரம்புச் செல்கள் கிடைத்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஒளியை உணரும் செல்கள் அல்ல. அவற்றிலிருந்து செய்தியைப் பெற்றுக் கடத்தும் வகை. செல்லைப் பிறக்கச் செய்தால் மட்டும் போதாது. அது கோலா, எந்நிறக் கூம்பா என்று ஆணையிடவும் தெரிய வேண்டும். மேலே கண்ட சுவிட்சுகளின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

ஒரு மருத்துவர் எந்தப் பயனும் கருதாமல் குறித்து வைத்த சிறு மீன், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பார்வை இழந்தோரின் நம்பிக்கையாக வளர்ந்திருக்கிறது. நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இன்னும் கூர்ந்து நோக்கப்படாத உயிர்கள் எத்தனையோ உண்டு. குறிப்பேட்டுடன் கரையில் நிற்க ஆள்தான் வேண்டும்.