நடுக்குவாதமும் வைத்தியர் கண்ணும்

1817ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் ஹொக்ஸ்ரன் பகுதியிலே வைத்தியத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பாக்கின்சன், நடுக்குவாதம் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவர். அவருள் இருவர் வீதியிலே எதிர்ப்பட்டவர். ஒருவரைத் தூரத்தே நின்று கண்டதோடு சரி. நடையையும் நடுக்கத்தையும் கண்ணாற் கண்டே ஒரு நோய் இத்துணைத் தெளிவாக வரையப்பட்டமை வியப்பிற்குரியது. அக்கண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அளந்தறிய நெடுங்காலஞ் சென்றது.

பரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே பணிபுரிந்த சார்க்கோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய்க்குப் பாக்கின்சனின் பெயரைச் சூட்டினார். நடுக்கமின்றியும் இந்நோய் உண்டாகலாம் எனக் காட்டியவரும் அவரே. 1919இல் திரெத்தியாக்கொவ் என்பார், நடுமூளையின் கருநிறப் பகுதி சிதைவதே இதன் அடையாளம் எனக் கண்டார். ஆனால் அச்சிதைவை நுணுக்குக்காட்டியிற் காண்பது நோயாளர் இறந்த பின்னரே இயலும். எனவே வைத்தியரின் முடிவு சரியோ பிழையோ என்பதும் அப்பொழுதே துணியப்படும்.

1992இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்றில், வாழ்நாளில் பாக்கின்சன் நோயுடையோர் எனக் குறிக்கப்பட்ட 100 பேரின் மூளைகள் சோதிக்கப்பட்டன. 76 பேரிடமே அந்நோய் இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவிலே நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு தொடக்க நிலையைத் தனியே நோக்கியது. நோய் தோன்றி ஐந்தாண்டு நிரம்பாது, மருந்தினாற் குணங்கண்ட 15 பேருள் 8 பேரின் நோயே மெய்ப்பட்டது. ஐந்தாண்டும் அதற்கு மேலும் சென்ற 82 பேருள்ளோ 72 பேருக்கு மெய்ப்பட்டது. 15 என்பது சிற்றெண் என்பதை மறத்தலாகாது. எனினும், காலம் செல்லச் செல்லவே முடிவு உறுதிப்படும் என்பது இதனால் விளங்கும்.

இப்பிழைக்கு வைத்தியரை மாத்திரம் குறைகூறுதல் தகாது. உடல் விறைப்பும் அசைவின் மந்தமும் தொடக்கத்தில் வேறு சில மூளை நோய்களுக்கும் பொதுவானவை. கண்களை மேலுங் கீழும் அசைக்க இயலாமை, அடிக்கடி விழுதல் முதலிய வேறுபாட்டுக் குறிகள் பிந்தியே வெளிப்படலாம். அவ்வாறான நோயொன்றை ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்சியூஸ்கி ஆகிய மூவர் 1964இலேதான் தனியே பிரித்து விவரித்தனர். லெவோடோபா என்னும் மருந்துக்கு அந்நோயாளருட் சிலரும் சிறிது காலம் இணங்குவர். ஆதலால் மருந்தாற் குணங்காண்பதும் முடிந்த சான்றாகாது. டோபமீன் குறைவைக் காட்டும் படப்பிடிப்போ சாதாரண நடுக்கத்தைப் பிரித்தறிய உதவும். இவ்வொத்த நோய்களை ஒன்றினின்று ஒன்று பிரிக்க அது போதாது.

2015இல் வெளியான சர்வதேச வரையறை இந்நோய் முடிவையே இரு படியாக வகுத்தது: ஒன்று உறுதிப்பட்டது, மற்றது பெரும்பாலும் கொள்ளத்தக்கது. முதல் மூன்றாண்டுக்குள் அடிக்கடி விழுபவரை முதற்படியிற் சேர்த்தல் கூடாதென்பது அதன் விதிகளுள் ஒன்று.