முற்றிய பெருங்குடற் புற்றுநோய்: சிகிச்சைத் தீர்மானங்கள்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றி ஈரல், நுரையீரல் போன்ற தொலைவுறுப்புகளுக்குப் பரவிய புற்றுநோய் நான்காம் நிலை எனப்படும். குடல் அடைபட்டாலோ துளைபட்டாலோ அவசரச் சத்திரசிகிச்சை தேவைப்படும். அத்தகைய சிக்கல் இல்லாதபோது, பரவிய நோயை ஒடுக்கும் கீமோதெரபியே பெரும்பாலும் முதலில் தொடங்கப்படுகிறது. ஒக்ஸலிபிளாட்டின் உள்ளிட்ட மருந்துகள் சேர்ந்த ‘போல்பொக்ஸ்’ முறை 14 நாட்களுக்கு ஒருமுறை நாளத்தின் வழியே ஏற்றப்படுகிறது. குளிர்நீரைத் தொட்டால் விரல்கள் மரத்துக் கூசுவது ஒக்ஸலிபிளாட்டினின் பக்கவிளைவாகும். ஈரலிலுள்ள கட்டிகள் முழுமையாக அகற்றத்தக்கனவாயின், அவற்றை வெட்டியகற்றுவது சிலருக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது.

இலங்கையின் கிழக்கிலுள்ள கல்முனைக்குடி மக்களுக்குப் புற்றுநோய் விசேட சிகிச்சை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் இலவசமாகக் கிடைப்பினும், திரும்பத்திரும்பச் செல்லும் பயணமும் துணைக்கு வருபவரின் வருமான இழப்பும் தீர்மானத்தின்போது கருதப்பட வேண்டியவை. மலத்தை வெளியேற்ற வயிற்றில் அமைக்கப்படும் ‘ஸ்டோமா’ தொழுகைக்குத் தடையாகுமோ என்ற முஸ்லிம் நோயாளரின் அச்சம் சத்திரசிகிச்சையைத் தாமதிக்கச் செய்யக்கூடாது. கழிவைக் கட்டுப்படுத்த இயலாதவர் ஒவ்வொரு பர்ளு (கட்டாயத்) தொழுகைக்கும் நேரம் வந்தபின் வுழூ (அங்கசுத்தி) செய்து தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சலுகையாகும்.